ரோமானிய வீரர் வேடம்... மாறுவேடப் போட்டியா, வரலாற்று ஆய்வா? ‘லிவிங் ஹிஸ்டரி’ குழுக்கள் செய்வது என்ன?

தலையில் இரும்புத் தொப்பி. மார்பைச் சுற்றிப் பளபளக்கும் தகடுகள். இடுப்பில் குட்டைவாள், கையில் பாதி ஆளை மறைக்கும் வளைந்த கேடயம். ‘ஸ்தா’ என்று லத்தீனில் ஒரு குரல் அதட்டுகிறது. ஆணி அடித்த செருப்புகள் ஒரே சத்தத்தில் தரையில் அறைந்து நிற்கின்றன. புல்வெளியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுகிறார்கள், செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள்.

சினிமா ஷூட்டிங் இல்லை. பிரிட்டன், இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் என்று பழைய ரோமப் பேரரசின் எல்லைக்குள் இருந்த பல ஊர்களில், கோடைக்கால வார இறுதிகளில் நடக்கும் நிகழ்ச்சி இது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். திங்கட்கிழமை காலையில் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வீடியோக்களை ரீல்ஸில் பார்ப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, ‘இத்தனை வயசுல இவங்களுக்கு எதுக்கு இந்த வேஷம்?’ இன்னொன்று, ‘ரோம் ராணுவம் நிஜமாவே இப்படித்தான் இருந்துச்சா?’ முதல் கேள்விக்கு, ‘ஆசைக்குத்தான்’ என்று சொல்லி முடித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கான பதில் அவ்வளவு எளிதல்ல.

‘லிவிங் ஹிஸ்டரி’ என்றால் என்ன?

மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் பொருளை அதே அளவில், அதே உலோகத்தில் புதிதாகச் செய்து, அணிந்து, பயன்படுத்திக் காட்டுவதுதான் ‘லிவிங் ஹிஸ்டரி’, அதாவது வாழும் வரலாறு. அணிவகுப்பு, எறிஈட்டி வீச்சு, கேடயங்களை மேலும் பக்கவாட்டிலும் கோத்துக்கொண்டு நகரும் ‘ஆமை வியூகம்’, வில் பொறியில் அம்பு எய்வது ஆகியவை மைதானத்தில் நடக்கும். பக்கத்திலேயே தோல் கூடாரம் போட்டு, திருகையில் கோதுமை அரைத்து, அடுப்பு மூட்டி, குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள்.

இந்தக் குழுக்களில் மிகப் பழையவற்றில் ஒன்று, இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் 1972-ல் தொடங்கிய ‘எர்மின் ஸ்ட்ரீட் கார்டு’. அந்தப் பகுதி வழியாகப் போகும் பழைய ரோமானியச் சாலையின் பெயரையே குழுவுக்கும் வைத்தார்கள். ரோம் நகரிலேயே ‘க்ரூப்போ ஸ்டோரிகோ ரொமானோ’ 1994 முதல் இயங்குகிறது. ரோம் நகரின் ‘பிறந்தநாள்’ என்று கொண்டாடப்படும் ஏப்ரல் 21-ஐ ஒட்டி நடக்கும் அணிவகுப்பு, சுற்றுலாப் பயணிகளிடையே பிரபலம்.

எல்லாம் ஒரு மரப்பெட்டியில் ஆரம்பித்தது

ரோமானிய வீரன் என்றதும் நம் கண்முன் வருவது அந்தத் தகட்டுக் கவசம்தான். ஆனால் அது எப்படிக் கோக்கப்பட்டது என்பது நீண்ட காலம் சரியாகத் தெரியாது. கி.பி.113-ல் ரோமில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் இருக்கும் சிற்பங்களையும், அங்கங்கே கிடைத்த உடைந்த துண்டுகளையும் வைத்து ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். தோல் சட்டை ஒன்றின் மேல் தகடுகளைத் தைத்திருப்பார்கள் என்றுகூட ஒரு கருத்து இருந்தது.

1964-ல் விடை கிடைத்தது. வடக்கு இங்கிலாந்தில், ஹாட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள கோர்பிரிட்ஜ் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், புதைந்து கிடந்த மரப்பெட்டி ஒன்று வெளியே வந்தது. உள்ளே பல கவசங்களின் பகுதிகள். தகடுகளை உள்பக்கமாக இணைத்த தோல் வார்களின் தடயமும் இருந்தது. லண்டன் டவர் ஆயுதசாலையில் பணியாற்றிய எச்.ரஸ்ஸல் ராபின்சன், அவற்றை ஆதாரமாக வைத்துக் கவசத்தை மறுபடி உருவாக்கிக் காட்டினார். தோல் சட்டை எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே ஓடும் வார்கள், கீல்கள், கொக்கிகள்... அவ்வளவுதான். உடம்போடு சேர்ந்து வளையும் இரும்பு!

‘எர்மின் ஸ்ட்ரீட் கார்டு’ குழுவின் தொடக்க காலக் கவசங்களுக்கு வழிகாட்டியவரும் ராபின்சன்தான். இன்று உலகம் முழுக்க இந்தக் குழுக்கள் அணியும் தகட்டுக் கவசங்கள் பெரும்பாலும் அந்த மரப்பெட்டியின் வாரிசுகள்.

இன்னொரு சுவாரசியம்: இந்தக் கவசத்தை இப்போது ‘லோரிகா செக்மென்டாட்டா’ என்று எல்லோரும் அழைக்கிறார்கள். பெயர் லத்தீன்தான், ஆனால் ரோமானியர்கள் வைத்த பெயர் அல்ல. 16-ம் நூற்றாண்டு அறிஞர்கள் வைத்தது.

போட்டுப் பார்த்தால் என்ன தெரியும்?

படித்துத் தெரிந்துகொள்ள முடியாத சிலவற்றை உடம்பு சொல்லிக்கொடுக்கும். சில உதாரணங்கள்:

குதிரைச் சேணம்: ரோமானியக் குதிரைப் படையிடம் கால் வைக்க அங்கவடி கிடையாது. அதனால் அந்த வீரர்கள் குதிரை மேல் ஆட்டம் காணாமல் சண்டை போட்டிருக்க முடியாது என்று பலர் நினைத்தார்கள். நெதர்லாந்தின் வால்கன்பர்க்கில் கிடைத்த சேணத் தோல்களைக் கொண்டு, பிரிட்டன் ஆய்வாளர் பீட்டர் கொனொலி 1980-களில் நான்கு கொம்புகள் கொண்ட சேணத்தைச் செய்து பார்த்தார். அந்தக் கொம்புகள் சவாரி செய்பவரின் தொடையையும் இடுப்பையும் நன்றாகப் பிடித்துக்கொண்டன. அங்கவடி இல்லாமலே சாய்ந்து வெட்டலாம், நிமிரலாம்.

நடை: ஜெர்மன் வரலாற்றாளர் மார்கஸ் யுங்கல்மான், 1985-ல் ஒரு சிறு குழுவோடு ரோமானிய வீரர்களின் முழு மூட்டையைச் சுமந்துகொண்டு, இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் வரை நடந்தார். 500 கிலோமீட்டருக்கும் மேல். செருப்பு எவ்வளவு தாங்கும், மூட்டை எங்கே உறுத்தும் என்பதெல்லாம் வழிநெடுகச் சோதனைக்கு உள்ளாயின. ரோமானிய வீரர்களின் சாப்பாடு பற்றியும் அவர் பின்னாளில் தனி நூல் எழுதினார். எட்டுப் பேர் ஒரே கூடாரத்தில் தங்கி, தங்கள் தானியத்தைத் தாங்களே அரைத்துச் சமைத்த ராணுவம் அது. அணிவகுப்பு முடிந்ததும் ஓய்வு என்று நினைத்தால், திருகை காத்திருக்கும்.

செருப்பு: அடிப்பகுதியில் இரும்பு ஆணிகள் அடித்த ரோமானியச் செருப்பு, மண்ணில் நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான கல்தளத்தில் சறுக்கும். கி.பி.70-ல் ஜெருசலேம் முற்றுகையின்போது, ஜூலியானஸ் என்ற ரோமானியப் படைத்தலைவர் கோயில் தளத்தில் ஓடும்போது இப்படி வழுக்கி விழுந்து, எதிரிகளிடம் சிக்கிக் கொல்லப்பட்டார் என்று ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். அதே மாதிரிச் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்றைய நகரத்துக் கல்பாவிய வீதியில் நடப்பவர்களுக்கு, அந்த வரி வெறும் வரலாற்றுத் தகவல் இல்லை.

கவசம்: கோர்பிரிட்ஜ் வகைக் கவசத்தைத் தொடர்ந்து அணிந்தால் சின்னச் சின்னக் கீல்களும் கொக்கிகளும் உடைகின்றன. கோர்பிரிட்ஜில் கிடைத்த அசல் துண்டுகளிலேயே, உடைந்த இடத்தில் ரிவெட் அடித்து ஒப்பேற்றிய தடயங்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட்டில் கிடைத்த பிற்கால வகையில் இணைப்புகள் எளிமையாகிவிட்டன. ‘ஏன் மாற்றினார்கள்?’ என்ற கேள்விக்கு அணிந்து பார்த்தவர்களின் அனுபவம் ஒரு நல்ல விடையைத் தருகிறது.

‘முடியும்’ வேறு... ‘செய்தார்கள்’ வேறு

இங்கேதான் கவனம் தேவை. ஒரு பொருளை இன்று ஒருவர் பயன்படுத்திக் காட்டினால், ‘இப்படிச் செய்ய முடியும்’ என்பது மட்டுமே நிரூபணம் ஆகிறது. ‘அன்று இப்படித்தான் செய்தார்கள்’ என்பது நிரூபணம் ஆகாது. கீல் உடைந்ததற்குக்கூட, இன்றைய கைவினைஞர் மெல்லிய தகட்டைப் பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம். அசல் துண்டுகளில் பழுதுபார்த்த தடயம் இருப்பதால்தான் அந்த வாதம் நிற்கிறது.

மைதானத்தில் நாம் பார்க்கும் பல விஷயங்களுக்கு இந்த அளவு ஆதாரம் இல்லை. வீரர்களின் சட்டை சிவப்பா, வெள்ளையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் களத்தில் நிற்பவர் ஏதாவது ஒரு நிறத்தைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? வளைந்த செவ்வகக் கேடயத்தில் இன்று முழுமையாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று. சிரியாவின் துரா யூரோப்பஸில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அது 3-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதல் நூற்றாண்டு வீரராக நிற்பவரின் கேடயத்துக்கும் அதுவே முக்கிய மாதிரி என்றால், நடுவே சுமார் 200 ஆண்டு இடைவெளியை ஊகத்தால் நிரப்புகிறோம் என்று அர்த்தம்.

அந்த ‘ஸ்தா’ கட்டளையும் அப்படித்தான். லத்தீன் கட்டளைகளைத் தொகுத்துத் தரும் முக்கிய ஆதாரமான ‘ஸ்ட்ராட்டெகிகான்’, 6-ம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, கிழக்கு ரோமப் பேரரசில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ராணுவக் கையேடு.

இதைவிடச் சிக்கலானது, கையை முன்னால் நீட்டிச் செய்யும் ‘ரோமன் சல்யூட்’. அது ரோமானிய ராணுவ வணக்கம் என்பதற்குப் பழங்கால ஆதாரம் கிடையாது. பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டேவிட் 1784-ல் வரைந்த, ஹொரேஷியஸ் சகோதரர்கள் சபதம் எடுக்கும் ஓவியம் அந்தத் தோற்றத்தைப் பிரபலமாக்கியது. பிறகு நாடகங்களும் மௌனப் படங்களும் பரப்பின. அதைத்தான் இத்தாலியின் பாசிஸ்ட்டுகளும் பிறகு நாஜிகளும் எடுத்துக்கொண்டார்கள். ‘பழைய ரோம் வழக்கம்’ என்று சொல்லி ஒரு குழு இதைச் செய்தால், அது வரலாறு தெரியாததால் மட்டும் வரும் பிழை இல்லை, வேறு அரசியலுக்கும் கதவு திறந்துவிடும்.

கைதட்டலில் காணாமல் போவது

எவ்வளவு கச்சிதமாகக் கவசம் செய்தாலும் பயத்தைச் செய்ய முடியாது. வாள்கள் மழுங்கடிக்கப்பட்டிருக்கும், பார்வையாளர்களுக்கு முன்னால் கயிறு கட்டியிருக்கும். எதிரே நிற்பவருக்கு எதுவும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும்.

ரோமானிய ராணுவம் அணிவகுத்த இடங்களில் கிராமங்கள் எரிந்தன, மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ரோமில் இருக்கும் மார்கஸ் அரேலியஸ் தூணில், வீரர்கள் பெண்களை இழுத்துச் செல்லும் காட்சி ரோமானியர்களாலேயே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. தோல் கூடாரமும் கோதுமை ரொட்டியும் மட்டும் கண்ணில் பட்டால், இந்தப் பக்கம் மறைந்துவிடும்.

2018-ல் ஜெர்மனியின் கால்க்ரீசவில் கிடைத்த ஒரு கவசம் இதை நினைவூட்டுகிறது. கி.பி.9-ல் ஜெர்மானியக் கூட்டணி மூன்று ரோமானிய லீஜியன்களை அழித்த போரோடு தொடர்புபடுத்தப்படும் இடம் அது. அதுவரை கிடைத்த தகட்டுக் கவசங்களிலேயே மிகப் பழையதும், ஏறக்குறைய முழுமையானதும் இதுதான். அதோடு சேர்ந்து கிடைத்த இன்னொரு பொருள், கழுத்தையும் கைகளையும் சேர்த்துப் பூட்டும் இரும்பு விலங்கு. கவசம் அணிந்திருந்தவரையே பிடித்து அதில் பூட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அடிமைகளைப் பூட்டிய ராணுவத்தின் வீரன், அதே மாதிரி விலங்கில்! இதை எந்த மைதானத்திலும் நடித்துக்காட்டிக் கைதட்டு வாங்க முடியாது.

பொறுப்பான குழுக்கள் இதை மறைப்பதில்லை. அணிவகுப்பு முடிந்ததும் கூட்டத்தோடு பேசும் நேரத்தில், எது அகழாய்வில் கிடைத்தது, எது ஊகம், இந்த ராணுவம் யாருக்கு என்ன செய்தது என்று சொல்வார்கள். நிகழ்ச்சியின் மிக முக்கியமான பகுதியே அதுதான். ஆனால் ரீல்ஸில் வெட்டப்படுவதும் அதுதான்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு

முல்லைப்பாட்டில் மன்னனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர்கள் வருகிறார்கள். யவனர் என்பது கிரேக்கர், ரோமர் உட்பட மேற்கிலிருந்து வந்தவர்களைக் குறித்த பொதுச்சொல். எனவே அவர்கள் ரோமானிய ராணுவத்தினர் என்று சொல்லிவிட முடியாது.

இதைவிட உறுதியான தொடர்பு, பிரிட்டனிலேயே இருக்கிறது. ஹாட்ரியன் சுவருக்கு அருகே உள்ள விண்டொலாண்டா கோட்டையில், 1973 முதல் நூற்றுக்கணக்கான மெல்லிய மர ஏடுகள் கிடைத்துவருகின்றன. கி.பி.100-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே தங்கியிருந்த வீரர்களின் கடிதங்களும் கணக்குகளும் அவற்றில் இருக்கின்றன. ஒரு கணக்கில், மிளகு வாங்கிய ஒரு வீரரின் பெயருக்கு நேராக 2 தெனாரி என்று எழுதியிருக்கிறது. அன்றைய ரோமப் பேரரசுக்குக் கருமிளகு போனது தென்னிந்தியாவிலிருந்துதான். சேர நாட்டு முசிறியிலிருந்து கப்பலேறியது அந்த வணிகம். குளிரில் நடுங்கிக்கொண்டு பேரரசின் வடக்கு எல்லையைக் காத்த ஒரு சிப்பாயின் கஞ்சியில், நம்மூர் மலைக் காரம்!

வீடியோ பார்க்கும்போது கேட்க வேண்டியவை

அடுத்த முறை இப்படி ஒரு ரோமானிய அணிவகுப்பு உங்கள் ஃபீடில் வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பொருள் எந்த அகழாய்வில் கிடைத்த எதைப் பார்த்துச் செய்யப்பட்டது? அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது? இந்தக் காட்சியில் யார் இல்லை?

முதல் இரண்டுக்கும் நல்ல குழுக்கள் தயங்காமல் பதில் சொல்லும். மூன்றாவது கேள்வியை அவர்களே எடுத்துப் பேசினால், அந்த வீடியோவைத் தாராளமாக ஷேர் பண்ணலாம்.