விடியும்வரை எரியுமா விளக்கு?

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து தொடங்கினால் கோழி கூவும்வரை ஓயாது. தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய கூத்து ஜமாக்கள் பிறகு பெட்ரோமாக்ஸுக்கு வந்தன, அப்புறம் டியூப் லைட், ஃபோகஸ். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டப் பாகலூர்க்காரர்கள் மாநில எல்லை தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனால், ஒயரே இல்லாத பேட்டரி எல்.இ.டி. விளக்குகளை வாங்கி வரலாம்.

ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. களரியில் வெறுங்காலோடு ஆடுகிறவர்களின் அடியில், ஈர மண்ணில், டேப் சுற்றிய ஒயர் கிடப்பது உயிரோடு விளையாடுவது. கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதோ 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய திருட்டு. பேட்டரி விளக்கு இந்த இரண்டு தொல்லையையும் ஒழிக்கிறது.

ஆனால் கணக்குப் போடாமல் வாங்கினால் அபிமன்யு வதையின்போதே மேடை இருண்டுவிடும். பெட்டியில் மில்லி ஆம்பியர் அவர் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், அதை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்க வேண்டும். 10,000 மில்லி ஆம்பியர் அவர், 11.1 வோல்ட் என்றால் 111 வாட் அவர். 40 வாட் இழுக்கும் விளக்குக்கு அது முழு வெளிச்சத்தில் மூன்று மணி நேரம்கூட வராது. ஒன்றரை மணி நேர நவீன நாடகத்துக்குத் தாராளம். ஏழு மணி நேரக் கூத்துக்கு 280 வாட் அவர் வேண்டும். முழு இரவையும் பேட்டரியிடம் ஒப்படைக்காமல், பொது வெளிச்சத்துக்கு முறையான தற்காலிக இணைப்பும் வேஷக்காரர் நுழையும் இடத்துக்குப் பேட்டரியும் வைத்துக்கொள்வதே சிக்கனம்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் பார்த்தால், கோடு கோடாக ஓடும் மினுக்கல் தெரிந்துவிடும். பிறகு அரிதாரம் பூசிய கையை நீட்டிப் பார்க்க வேண்டும். நீலம் மட்டும் எரிந்தால் சிவப்பு அரிதாரம் கறுத்துப் போகும். வெள்ளை, அம்பர் எல்.இ.டி.யும் சேர்ந்த விளக்கில் முகம் முகமாகத் தெரியும். இந்த விளக்குகளைத் தூரத்திலிருந்து இயக்கும் கம்பியில்லாக் கட்டுப்பாடு பெரும்பாலும் வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே 2.4 கிகா ஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. வெறும் கொட்டகையில் கச்சிதமாக வேலை செய்வது, நூற்றுக்கணக்கான போன்கள் கூடியதும் தடுமாறலாம். சிக்னல் அறுந்தால் அணைந்துபோகுமா, கடைசி நிலையிலேயே நிற்குமா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அதற்கு ஐ.எஸ். 16046 தரநிலையின் கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். மேளப் பெட்டி, துணி மூட்டைக்கு நடுவே வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. ஊதிய பேட்டரியை இன்னும் ஓர் இரவு ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது; குப்பையிலும் போடக் கூடாது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர் மீது வைத்திருக்கின்றன.

பழுதானால்? “பில் வேண்டாம், விலை குறையும்” என்பதற்குத் தலையாட்டுகிற இடத்தில்தான் வழக்கு பாதி தோற்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், பழுதான பொருளை முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பாகலூர்வாசிக்கு மிக முக்கியமானது பிரிவு 34: புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கர்நாடகக் கடையில் வாங்கிய விளக்குக்கு கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும்.

வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைக்காரர் வாதாடலாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. கூத்தாடிப் பிழைக்கும் கலைஞர் இதைத் துணிந்து சொல்லலாம். வாடகைக்கு விடப் பெரிய அளவில் வாங்கும் லைட் செட் கடைக்கு இந்த வாதம் எளிதில் நிற்காது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.