டிஜிட்டல் வாக்கி டாக்கி: வாங்குமுன் ஒரு கேள்வி

சென்ற ஆண்டு எங்கள் சொசைட்டியில் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. மேல் மாடியில் நின்ற வாட்ச்மேன் வாக்கி டாக்கியை அழுத்தி, லிஃப்டை நிறுத்தும்படி சொன்னார். கீழே கேட்டில் இருந்தவரின் செட்டில் சத்தமே இல்லை. இரண்டும் டிஜிட்டல் செட்டுகள். இரண்டிலும் பழுது எதுவுமில்லை. ஒன்று பழைய கமிட்டி வாங்கியது, மற்றொன்று புதிய கமிட்டி வாங்கியது. பயிற்சிதானே என்று சிரித்துவிட்டுக் கலைந்தோம். உண்மையாகவே தீப்பிடித்திருந்தால்?

கையில் மொபைல் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மும்பைவாசிகள் 2005 ஜூலை 26-ஐ மறந்திருக்க மாட்டார்கள். சான்டாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அந்த நாளில் மொபைல் தொடர்பும் பல இடங்களில் கைவிட்டது. வாக்கி டாக்கிக்கு டவர் வேண்டியதில்லை. நம்பரைத் தேட வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும். ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, ஓட்டல், கட்டட வேலை என்று எங்கும் அது நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

பழைய அனலாக் செட் குரலை அப்படியே அலையில் ஏற்றி அனுப்பும். டிஜிட்டல் செட் குரலை எண்களாக்கிச் சுருக்கி அனுப்புகிறது. அதனால் குறைந்த இடத்தில் அதிகப் பேச்சு அடங்கும். ஆனால் எண்களாக்கும் முறை ஒன்றல்ல, பல. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஊரிலிருந்து முதன்முதலாக தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். எதிரே இருந்தவரும் பேசினார், நாமும் பேசினோம், மொழிதான் வேறு. செட்டுகளின் கதையும் அதுவே.

முக்கியமான மொழிகளைப் பார்ப்போம். வியாபார உபயோகத்தில் பரவலாக இருப்பது டி.எம்.ஆர். ஐரோப்பியத் தர அமைப்பான எட்சி 2005-இல் வெளியிட்டது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தை 30 மில்லிசெகண்டு கொண்ட இரண்டு நேரத்துண்டுகளாக மாற்றி மாற்றிப் பங்கிடுகிறது. ஆகவே ஒரு தடத்தில் இரண்டு உரையாடல்கள் நடக்கும். பேசும்போது செட் பாதி நேரமே அலையை அனுப்புவதால் பாட்டரியும் கூடுதலாக உழைக்கும்.

டி.பி.எம்.ஆர். என்பதும் எட்சியின் தரமே. பெயரில் ஓரெழுத்துதான் கூடுதல், ஆனால் டி.எம்.ஆருடன் பேசாது. அது நேரத்தைப் பங்கிடாமல் 6.25 கிலோஹெர்ட்ஸ் அளவுள்ள மெல்லிய தடத்தையே பயன்படுத்துகிறது. ஜப்பானின் ஐகாம், கென்வுட் நிறுவனங்கள் உருவாக்கிய என்.எக்ஸ்.டி.என். முறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பேசாது.

பெரிய அமைப்புகளுக்கு உரியது டெட்ரா. 25 கிலோஹெர்ட்ஸ் தடத்தில் நான்கு பேச்சுகளை ஏற்றும். தில்லி மெட்ரோ ரயிலில் இருப்பது இதுதான். அமெரிக்கப் போலீசும் தீயணைப்புத் துறையும் பி-25 என்ற முறையை நாடுகின்றன. ஒரு சொசைட்டிக்கோ சிறு பட்டறைக்கோ இவ்விரண்டும் தேவையில்லை.

தரத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. டி.எம்.ஆரில் அதிர்வெண், கலர் கோடு, நேரத்துண்டு, குழு எண் ஆகியவையும் பொருந்த வேண்டும். பேச்சைப் பூட்டும் ரகசியக் குறியீடு ஒவ்வொரு கம்பெனியிலும் வேறுபடலாம். பூட்டு என்றாலே பத்திரம் என்றும் இல்லை. டெட்ராவின் பூட்டுகளில் ஒன்று வெளியில் சொன்னதைவிட மிகவும் பலவீனமானது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளிப்படுத்தினார்கள்.

இன்னொரு விஷயம். அனலாக் செட்டில் தூரம் கூடக்கூட இரைச்சல் கூடி, எல்லை நெருங்குவதை நமக்கு உணர்த்தும். டிஜிட்டலில் பேச்சு தெளிவாகவே கேட்டுக்கொண்டிருந்து, சட்டென்று அறுந்துவிடும். எனவே பணம் கொடுக்குமுன் அடித்தளம், லிஃப்ட், மாடிப்படி, மொட்டைமாடி எல்லா இடங்களிலும் நடந்து பேசிப் பார்ப்பது அவசியம்.

சட்டமும் உண்டு. பொதுவாக இதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவிடம் லைசென்ஸ் பெற வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்தி செட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றிற்கும் கருவிக்கான அரசு ஒப்புதல் இருக்க வேண்டும். விதிக்கு மாறான செட்டுகள் இணையக் கடைகளில் விற்கப்பட்டதால் 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதல்களே வெளியிட்டது.

நம்மவர்கள் பலர் சொசைட்டி கமிட்டிகளிலும் தொழிற்கூடங்களிலும் பொறுப்பு வகிக்கிறார்கள். அடுத்த முறை கடைக்காரர் "டிஜிட்டல் சார்" என்று சொன்னால், "எந்தத் தரம்? எங்கள் பழைய செட்டோடு பேசுமா?" என்று கேளுங்கள். டி.எம்.ஆர். செட்டுகளில் பெரும்பாலானவை அனலாக்கிலும் இயங்கும். பழைய அனலாக் செட்டுகளை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் பேசும் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய செட்டைக் கையோடு எடுத்துப்போய், அங்கேயே பேசவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.