இரு தரப்பும் கேட்டபின்பே தீர்ப்பு

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களிலிருந்து போலீஸ் படையில் சேர விரும்பும் இளைஞர் உண்டு. சீருடை அணிந்தவர் ஒழுங்கு தவறினால் வேலையை இழக்க நேரும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், அவரை நீக்கிய முறை நியாயமானதா என்று ஆராயவும் நம் நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. இதனைத் தெளிவாக்கிய வழக்கு, இன்ஸ்பெக்டர் சுரிந்தர் சிங் கண்டாவின் வழக்காகும்.

1958ஆம் ஆண்டு ஜூலையில் போலீஸ் ஆணையர் அவரைப் பணிநீக்கம் செய்தார். அதற்குமுன் ஓர் அதிகாரி அவர்மீதான குற்றச்சாட்டை விசாரித்தார். அவ்வதிகாரியிடம் முந்தைய விசாரணைக் குழுவின் அறிக்கை ஒன்று இருந்தது. அதில் கண்டாவைப் பற்றிக் கடுமையான கருத்துகள் இருந்தன. அவ்வறிக்கை கண்டாவிடம் காட்டப்படவில்லை. காணாத குற்றச்சாட்டுக்கு ஒருவர் எவ்வாறு மறுமொழி கூற இயலும்?

அவர் நீதிமன்றத்தை நாடினார். உயர்நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்றார். 1962இல், அந்நாளில் நமக்கு இறுதி நீதிமன்றமாக விளங்கிய லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. காரணங்கள் இரண்டு. முதலாவது, 1957 ஆகஸ்டு 31இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பின்படி, அவரை நீக்கும் அதிகாரம் போலீஸ் சேவை ஆணையத்துக்கே உரியது, ஆணையருக்கு உரியதன்று. இரண்டாவது, தம் பக்கத்தை எடுத்துரைக்க அவருக்குத் தக்க வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அறிக்கையால் அதிகாரியின் மனம் உண்மையிலேயே மாறியதா என்று நீதிமன்றம் தேடவில்லை. மாறியிருக்கக் கூடும் என்பதே போதுமானதாயிற்று.

அரசியலமைப்பின் 135ஆம் பிரிவு இன்றும் பொதுச் சேவையினருக்கு இப்பாதுகாப்பை வழங்குகின்றது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் போன்றோருக்கு விதிவிலக்குகள் உண்டு. தவறு செய்தவரைத் தப்பவிடுவது இதன் நோக்கமன்று. முறையான விசாரணைக்குப் பின் உரிய தண்டனை விதிக்கத் தடையேதும் இல்லை.

தோட்டத் தொழிலாளருக்கும் இதில் படிப்பினை உண்டு. பழக்குலை திருடியதாக ஒருவர்மீது புகார் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். கிராணி எழுதிய அறிக்கை நிர்வாகியின் மேசையில் இருக்கின்றது; தொழிலாளி அதனைக் கண்டதில்லை. கண்டாவின் நிலையும் இதுவே அன்றோ? ஒழுங்கீனத்துக்காக வேலைநீக்கம் செய்யுமுன் தக்க விசாரணை வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஆகவே, குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். ஆதாரங்களைக் காட்டும்படி கேளுங்கள். உங்கள் சாட்சிகளை அழைத்துச் செல்லுங்கள்.

நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளர், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். போலீஸ்காரருக்கு இவ்வழி இல்லை. அவர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். எவராயினும், காலம் கடத்தினால் உரிமையும் கைநழுவிப் போகலாம். நீக்கக் கடிதம் கிடைத்த நாளை மறவாமல் குறித்து வைத்து, உடனே தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ கலந்தாலோசிப்பதே அறிவுடைமை.