இத்தாலியச் சாய்வெழுத்து

ஆங்கில நூல்களிலே சில சொற்கள் மட்டும் வலப்புறம் சாய்ந்த எழுத்தில் அச்சாகியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 'இத்தாலிக்' என்பது அவ்வெழுத்தின் பெயர். அச்சுக்கூடத்திற்கு வருமுன் அது கையெழுத்தாக இருந்தது. அழகைக் காட்டிலும் விரைவை வேண்டியே அக்கையெழுத்துத் தோன்றியது.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புளோரன்சு நகரில் வாழ்ந்த நிக்கோலோ நிக்கோலி என்னும் அறிஞர், பழைய இலத்தீன் நூல்களைப் படியெடுப்பதில் ஈடுபட்டிருந்தார். எழுத்துக்கு எழுத்து பேனையைத் தூக்கினால் இத்தகைய வேலை எளிதில் முடியுமா? ஆகவே எழுத்துகளைச் சற்றே ஒடுக்கிச் சாய்த்து, தொடர்ந்து எழுதினார். அவரையே இவ்வெழுத்தின் முன்னோடி என்பர். பின்னர் பாப்பரசரின் செயலகத்து எழுத்தர்களும் இவ்வகை எழுத்தைக் கையாண்டனர். 1501 ஆம் ஆண்டில் வெனிசு நகர அச்சகத்தார் அல்டசு மனுசியசு, வேர்ச்சில் கவிஞரின் நூலை இவ்வெழுத்தில் அச்சிட்டார். உரோமாபுரியில் எழுத்தராயிருந்த அரிகி என்பவர், 1522 எனத் தேதியிட்ட சிறு நூலொன்றில் இதனைப் பயிலும் முறையை விளக்கினார். அந்நூல் மரக்கட்டையிற் செதுக்கி அச்சிடப்பட்டது.

அரிகி கற்பித்த முறை மிக எளியது. எழுத்துகள் யாவும் இரண்டே கீற்றுகளிலிருந்து தொடங்குகின்றன. ஒன்று தடித்தது, மற்றது மெல்லியது. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கையின் அழுத்தத்தாலன்று; பேனையின் தட்டையான முனையால். அம்முனையை எழுதும் கோட்டுக்கு 45 பாகை கோணத்திற் பிடித்துக்கொள்ளுங்கள். வலப்புறமாக மேலேறும் கீற்று மெலியும். வலப்புறமாகக் கீழிறங்கும் கீற்றுத் தடிக்கும். வளைவு வரும்போது முனையைத் திருப்பாதிருத்தலே பயில்வோர் காக்க வேண்டிய முதல் விதி. கோணம் மாறாதிருந்தால் அழகைப் பேனையே பார்த்துக்கொள்ளும்.

அத்தகைய பேனை கிடைக்காதோர் இரு பென்சில்களைச் சேர்த்துக் கட்டி எழுதிப் பார்க்கலாம். இரு கூர்களுக்கும் இடைப்பட்ட தூரமே முனையின் அகலம். அவ்வகலத்தைப்போல் 5 மடங்கு உயரத்தில் இரு கோடுகள் இட்டுக்கொள்ளுங்கள்; சிறிய எழுத்தின் உடல் அவற்றுள் அடங்க வேண்டும். சாய்வு 5 முதல் 10 பாகைக்குள் இருந்தாற் போதும்.

இனி, எழுத்துகளை அகரவரிசையிற் பயிலாமல் குடும்பம் குடும்பமாகப் பயிலுங்கள். சிறிய 'ஏ', 'டி', 'ஜி', 'கியூ' ஆகிய நான்குக்கும் உடல் ஒன்றே. அது வட்டமன்று, ஒடுங்கிச் சாய்ந்த நீள்வடிவம். 'என்', 'எம்', 'எச்' மூன்றிலும் வளைவானது தண்டின் அடியிலிருந்து பேனை எடுக்காமல் மேலேறி, நடுவிலே கிளையெனப் பிரிகிறது. 'என்' எழுத்தைத் தலைகீழாக்கினால் 'யூ' ஆகிவிடும். ஆகவே ஒன்றைச் செம்மையாகப் பயின்றவர் அதன் உறவுகளையும் பயின்றவராவர்.

பிற்காலத்தில் கூர்முனைப் பேனையை அழுத்தியும் தளர்த்தியும் எழுதும் முறை பரவவே, சாய்வெழுத்து வழக்கொழிந்தது. இங்கிலாந்தின் அரசாங்க ஊழியரான அல்பிரட் பெயர்பாங்கு, 1932 இல் வெளியிட்ட கையேட்டின் மூலம் அதற்குப் புத்துயிர் ஊட்டினார். 1952 இல் அதற்கென ஒரு கழகமும் தோன்றியது.

விசைப்பலகையிலே எழுதும் இக்காலத்தில் இப்பயிற்சி எதற்கு எனலாம். கையெழுத்தையும் தலையெழுத்தைப்போல் பிறவியிலேயே அமைந்தது என்று நம்மிற் பலர் எண்ணி, முயற்சியைக் கைவிட்டுவிடுகிறோம். அவ்வெண்ணம் பிழையானது என்பதை இவ்வெழுத்து உணர்த்துகிறது. நல்ல கையெழுத்துக்கு வேண்டுவது சிறப்புக் கைத்திறன் அன்று. இரண்டு கீற்றுகள், மாறாத ஒரு கோணம், நாள்தோறும் ஒரு கால் மணிநேரம். வளர்ந்தவரும் இன்றே தொடங்கலாம்.