சுழல்கிறது, எரியவில்லை

திறவுகோலைத் திருப்பியதும் பொறி சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது, பற்றிக்கொள்ள மறுக்கிறது. ‘செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல’ என்று பட்டறைகளில் வழங்கும் நோய் இதுவே. 1912ஆம் ஆண்டு காடிலாக் மகிழுந்தில் இடம்பெற்ற, சார்லஸ் கெட்டரிங்கின் மின்தொடக்கியே அந்தச் ‘செல்ஃப்’புக்கு முன்னோடி. அதன் கடமை பொறியை நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சுற்றுச் சுழற்றிவிடுவது, அவ்வளவே. பெட்ரோல் பொறி தானே ஓடுவதற்குக் காற்றும் எரிபொருளும் உருளைக்குள் கலந்து அழுந்த வேண்டும். உரிய கணத்தில் தீப்பொறி விழ வேண்டும்.

எனவே, விறுவிறுப்பாகச் சுழலும் வண்டிக்குப் புதிய மின்கலம் வாங்குவது வீண்செலவு. முதலில் செவியைத் தீட்டுக. அழுத்தம் உள்ள பொறி ஏறி இறங்கும் தாளத்தில் ஒலிக்கும். தாளம் இழந்து, தடையின்றி விரைந்து சுழன்றால், அடைப்பிதழ்களை இயக்கும் பட்டை அறுந்திருக்கலாம். மேலும் சுழற்றினால் கேடு பெருகலாம்.

திறவுகோலை, பொறியைச் சுழற்றும் நிலைக்கு முந்தைய ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் எரிபொருள் கலனுக்குள் எக்கி ஓரிரு நொடி முனகும். முனகல் இல்லையேல் உருகியையும் எக்கியையும் ஆராய்க. (கலனில் எரிபொருள் உண்டா என்று அதற்கும் முன்னரே பார்த்துவிடுவது நன்று, தேர்ந்தவர்களும் இங்கே நாணியதுண்டு.) மாறாகப் பெட்ரோல் நெடி வீசினால், எரிபொருள் வந்தும் எரியவில்லை. 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும் மின்சுருளையும் தீப்பொறிச் செருகிகளையும் அப்போது ஐயுறலாம்.

தீப்பொறியும் இல்லை, எரிபொருள் தெளிப்பும் இல்லை என்றால்? இரண்டும் ஒருசேரப் பழுதாவது அரிது. இரண்டுக்கும் ஆணையிடும் கணிப்பொறி, சுழல்தண்டின் நிலையை ஓர் உணரியின் வழியே அறிகிறது. பல பொறிகளில் அதன் எதிரே சுழலும் பற்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமுண்டு; ஆனால் அடுத்தடுத்த 2 பற்கள் இரா. அந்த இடைவெளியே எண்ணிக்கையின் தொடக்கம். உணரி ஊமையானால் பல வண்டிகளில் கணிப்பொறி எதையும் ஏவாது. சுழற்றும்போது சுற்றுமானியின் முள்ளும் அசையாது கிடக்கும்.

இவ்வுணரியின் சூழ்ச்சி வெப்பத்தில் உள்ளது. சில உணரிகளின் உள்ளிருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பறும். குளிர்ந்ததும் மீண்டும் கூடும். நடுவழியில் நின்ற வண்டி, இழுத்துச் செல்லப்பட்டுப் பட்டறை வாயிலை அடைவதற்குள் ஆறி, முதல் திருப்பிலேயே இயங்கும். பழுதில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவர். நுண்ணறிந்த மெக்கானிக் அவ்வண்டியை வெயிலில் நெடுநேரம் ஓடவிட்டு, அது நிற்பதற்காகக் காத்திருப்பார்.