வீதி விளக்கொளியில் பயின்ற நீதியரசர்

சுவாமியின் சொத்து யாருக்கு உரியது? திருவிழாக் கணக்கு வாசிக்கும் கூட்டங்களில் ஜொகூர் அன்பர்கள் பலமுறை எழுப்பிய வினா இது. இதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆழ ஆராய்ந்தவர் சர் தி. முத்துசாமி ஐயர் ஆவார். அந்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவரே.

1832 ஜனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்கு உதவியாளராக அமர்ந்தார். அச்சிறுவனின் கூர்மதியைக் கண்ட தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவரைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். எண்ணெய் வாங்க வழியின்றி வீதி விளக்கின் கீழ் அவர் படித்த கதையைத் தமிழகத்துப் பள்ளிகளில் சொல்லாத ஆசிரியர் அரியர். 1854இல் மாநில அளவில் நடந்த கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிட்டியது.

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, ஓர் ஏழையை அடித்த ஆங்கிலேய உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அழைப்பாணை அனுப்பி, நேரில் வரவழைத்து, மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்பர். தொகை சிறிதுதான், ஆயினும் அக்காலத்து வெள்ளையர் மனத்தில் அது எவ்வாறு தைத்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1878இல் உயர் நீதிமன்ற நீதிபதியான அவர், 1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். தலைப்பாகையும் வெறுங்காலுமாக அமர்ந்த கோலத்தில் அவரது சலவைக்கல் சிலை இன்றும் அந்நீதிமன்ற வளாகத்தில் உள்ளது.

அவர் பழமையைப் பேணியவர். வழக்கத்தை மதித்தே சட்டம் நடக்கவேண்டும் என்ற போக்கினர். 1887இல் தருமபுர ஆதீனத்துக்கும் திருப்பனந்தாள் மடத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், சைவ மடங்கள் தோன்றிய வரலாற்றையும் அவற்றின் மரபுகளையும் ஆராய்ந்தே அவர் தீர்ப்புரைத்தார். ஆதீனங்களின் பெயரை நாள்தோறும் கேட்கும் மலேசியச் சைவர்களுக்கு அத்தீர்ப்பு அந்நியமானதன்று.

அவர் பணியாற்றிய காலத்தில், 1879இல், அதே நீதிமன்றம் மற்றொரு மட வழக்கில் ஒரு நெறியை வகுத்தது. மடத்துச் சொத்து குருவின் பதவியோடு ஒட்டியது. அவருடைய உறவினருக்கு வாரிசுரிமையாக இறங்காது. ஆயினும் மடத்தின் நோக்கத்துக்குப் புறம்பாகச் செலவிடாதவரை அவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்றும் கூறிற்று. இப்பிற்பகுதியை நாம் மனமுவந்து ஏற்க இயலவில்லை. கணக்குக் கேட்க வழியில்லாத அடியார்களின் குறையே பின்னர் 1925ஆம் ஆண்டுச் சென்னை இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. 1954இல் சிரூர் மட வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சமயக் காரியங்களில் மடத்துக்கு உரிமை உண்டு, சொத்து நிர்வாகத்தைச் சட்டம் முறைப்படுத்தலாம் என்று பிரித்துக் காட்டியது.

மற்றொரு குறையையும் மறைத்தல் கூடாது. வடமொழி நூல்களின் விதிகளை அவற்றை அறியாத தமிழ்க் குடிகள்மேல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுகிறது என்று நெல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1877இல் நூலெழுதிக் கண்டித்தார். ஐயர் அங்கு அமர்வதற்குச் சற்று முன்னர் எழுந்த அவ்விவாதம் அவர் காலத்திலும் ஓயவில்லை. கடல் கடந்து மலாயா வந்த நம் முன்னோரின் திருமணங்களும் இந்து சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியுமே நீதிமன்றங்களில் நோக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பின்னரே அந்நிலை மாறியது.

ஜொகூர் பாருவில் அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம் 1911இல் எழுந்தது. ஐயர் 1895 ஜனவரி 25ஆம் நாளே மறைந்துவிட்டார். பினாங்கில் உள்ளதுபோன்ற இந்து அறப்பணி வாரியம் ஜொகூரில் இல்லை. ஆதலின் இங்கே கணக்கை எடுத்து வைப்பதும் கேட்பதும் ஆலய நிர்வாகத்தினர், உறுப்பினர் ஆகியோரின் கையிலேயே உள்ளன.