ஜவ்வு பிதுங்கினால் கத்திதான் வழியா?

குனிந்து எதையோ தூக்கியபோது இடுப்பில் சுரீரென்று பிடித்த வலி, இரண்டொரு நாளில் பின்தொடை, கெண்டைக்கால் என்று பாதம்வரை இறங்குகிறது. ஸ்கேன் எடுத்தால், 'எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்று வருகிறது. அந்த ஒரு வரியில் வீடே கலங்கிப்போகிறது.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வைத்தான் டிஸ்க் என்கிறோம். வெளியே சாய்வாக ஓடும் நார்கள் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும். உள்ளே நீர் மிகுந்த கூழ். வயது ஏற ஏறக் கூழ் வற்றும், நாரில் கீறல் விழும். உடல் பாரம் அதிகம் இறங்கும் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. கீறல் வழியே பிதுங்கும் கூழ் பக்கத்து நரம்பு வேரை அழுத்துவதோடு, அதை அழற்சியால் வீங்கவும் வைக்கிறது. கோளாறு இடுப்பில் இருந்தும் கால் வலிப்பது இதனால்தான்.

1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் இதைக் கண்டுசொல்லி, அறுவை சிகிச்சையால் குணமாக்க முடியும் என்றும் காட்டினார்கள். ஆனால் உடலே செய்துகொள்ளும் வைத்தியம்தான் எனக்குப் பெரிய வியப்பு. வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய்கள் நுழைவதில்லை. அதனால் வெளியே வந்த கூழை உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளணுக்கள் சூழ்ந்து அதை விழுங்கிக் கரைக்கின்றன. அதிலும், தனியாக அறுந்து விழுந்த பெரிய துண்டுதான் சிறு பிதுக்கத்தைவிட நன்றாகக் கரைகிறது! பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிந்துவிடும்.

ஸ்கேனை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம். முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஒரு ஜவ்வாவது உப்பியிருந்தது.

வலி தணியும்வரை மருத்துவர் தரும் வலி மாத்திரை, முடிந்த அளவு நடை, பிறகு பிசியோதெரபி. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் தசைதான் தளரும். இத்தனைக்குப் பிறகும் கால்வலி விடாவிட்டாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ அறுவை சிகிச்சை கைகொடுக்கும். நுண்ணோக்கி உதவியோடு, சிறு கீறல் வழியே, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். கால்வலி சீக்கிரம் விடும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே, அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.